பேர்த்தில் ஒன்பது மணி

எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது பக்கத்து வீட்டு றாஹிலா கேட்ட முதல் கேள்வி, "ஆபீசு எங்க புள்ள?" என்பதுதான். எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் என்றேன். முதலாளி எங்கே என்றாள். அவுஸ்திரேலியாவில் என்றேன். அப்படி என்ன வேலை என்றாள். ஒரு வெள்ளைக்காரி நாய்களுக்கு ஒழுக்கம் பழக்குகிறாள், அவளுக்கு வருகிற கடிதங்களுக்கு நான் பதில் எழுத வேண்டும், எந்த நாய் எந்த நேரம் வர வேண்டும் என்றும் நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். றாஹிலா என் நெற்றியில் கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுப் போனாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டில் சாய்ந்தமருதில் இப்படி ஒரு தொழில் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. கடல் வந்து போன பிறகு கல்முனையில் அலுவலகம் திறந்த ஒரு டச்சு நிறுவனத்தில் நான் வேலை செய்தேன். டைப் பண்ணத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்று சொல்லிவிட்டு அன்று பின்னேரமே ஓடிப்போய்ப் பழகத் தொடங்கினேன். அவர்கள் வீடு கட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், தகரம் கொடுத்தார்கள். நாட்டில் சண்டையும் முடிந்தது. இனி உங்களுக்கு நாங்கள் தேவையில்லை என்று ஒருநாள் கேக் வெட்டினார்கள். வேலை போன நாளில் கேக் சாப்பிட்ட ஆட்கள் நாங்கள். நல்ல கேக்தான், பொய் சொல்லக் கூடாது. பாவித்த லெப்டொப் ஒன்றையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆனெக்கா ஊருக்குப் போன பிறகு எனக்கு ஈமெயில் போட்டாள். பேர்த் நகரத்தில் ஜோன் என்று அவளுக்கு ஒரு சிநேகிதி. நாயென்றால் உயிர், எழுத்து வேலையென்றால் தலைவலி. வீட்டில் இருந்தபடியே அவளுக்கு அந்த வேலையைச் செய்து கொடுக்க முடியுமா, இதை வேர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்று சொல்வார்கள், இப்படி நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டால் அது உன் சொந்தத் தொழில் என்று எழுதியிருந்தாள். அப்படியென்றால் என்ன என்று உம்மா கேட்டா. ஆள் கண்ணுக்குத் தெரியாது, வேலை மட்டும் நடக்கும் என்றேன்.

"அது ஜின்னெல்லுவா புள்ள" என்றா உம்மா.

நான் ஆனெக்காவுக்கு ஓம் என்று எழுதினேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஜோன் பதில் போட்டாள். எனக்கு அந்த ஒரு மாதம் ஏன் உயிர்போகிற விஷயமாக இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

என் கணவர் பர்ஸான் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறவர். மகள் அஸ்னா பிறந்து நாற்பது நாள் முடிந்த கையோடு போனவர், அவளுக்கு நாலு வயதாகும்போதுதான் லீவில் வந்தார். அதுவரை அஸ்னாவுக்கு வாப்பா என்றால் டெலிபோன். விடியலில் ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை டெலிபோனுக்கு ஸலாம் சொல்லுவாள். வந்த மனிதர் கொடுத்த பொம்மையை வாங்கிக்கொண்டாள். பிறகு டெலிபோனை எடுத்துக்கொண்டு கதவு மூலைக்குப் போய், மெல்லிய குரலில் கதைத்தாள்.

"வாப்பா, எங்கட ஊட்ட ஒரு மாமா வந்திரிக்கார். எப்ப போவாரெண்டு தெரியா."

அவர் அதைக் கேட்டுவிட்டார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். கழுவினார், கழுவினார், முடிக்கவே இல்லை. வானத்தில் ஏறி இரும்பு தூக்குகிற மனிதர் அது.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் கதையை எடுத்தேன்.

"அஸ்னாட வாப்பா, போகாம இருந்தா என்ன?"

"இருந்து?"

"தச்சு வேல தெரியுமெல்லுவா உங்களுக்கு. இப்ப பாக்கிற இடமெல்லாம் ஊடு கட்டுறாங்க. கதவு, ஜன்னல் எண்டு செய்யலாம்."

"அது நிமிர்ந்து நிக்க ஒரு வருசமாவது போகும். அதுவரைக்கும் ஊட்ட ஒருத்தருக்கு நிச்சயமான சம்பளம் வேணும் ஸம்ஸியா."

"அது நானா இரிக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். ஜோன் உன்னை வைத்துக்கொண்டால் நான் நிற்கிறேன், இல்லையென்றால் லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறேன் என்றார். அந்த நாளைத் தவறவிட்டால் வீசா போய்விடும். பிறகு கட்டார் கதவு திறக்காது. ஜோனுடைய ஒரு மாதமும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள்தான் முடிந்தது.

இப்படித்தான் என் தொழில் அடுப்படியில் ஆரம்பமானது. ஸ்டைலுக்காக அங்கே இருக்கவில்லை. இன்டர்நெட் டொங்கிளுக்கு சிக்னல் கிடைத்தது அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் மட்டும்தான். ஒரு ஸ்டூல், ஒரு பலகை, அதற்கு மேலே லெப்டொப். ஈமெயிலின் அடியில் 'ஸம்ஸியா சேர்விஸஸ்' என்று பெயர் போட்டுக்கொண்டேன். பன்மையில் போட்டால் பெரிய கம்பனி போலத் தெரியும் என்று நினைத்தேன். இப்போதும் அதை மாற்றவில்லை.

நாயென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். எங்கள் தெருவில் நாய் வளர்க்கிற வீடே கிடையாது. முதல் வாரம் நாயின் படம் வந்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். பிறகு பழகிவிட்டது. எந்த நாய் தபால்காரரைப் பிடிக்கும், எந்த நாய் இடிமுழக்கத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும், எல்லாம் எனக்குப் பாடம். சொந்தக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நானும் விட்டுக் கொடுக்காமல் ஆறுதல் சொல்லி எழுதுவேன். பகல் சாப்பாட்டில் பர்ஸான் கேட்பார்:

"இண்டைக்கு ஆரு ஆரக் கடிச்ச?"

"டியூக் எண்டு ஒண்டு, மாடு மாதிரி இரிக்கி. சோபாவக் கடிச்சிட்டு."

"சோபாக்கு ஊசி போட்டாங்களா?"

இப்படிப் பகிடி விட்டுக்கொண்டு நாட்கள் நன்றாகவே போயின. நேரம் குறிக்கிற வேலையை மட்டும், நான் பழகும்வரை, ஜோன் தன் கையில் வைத்திருந்தாள். கடைசி வாரத்தில் அதையும் என்னிடம் தந்தாள். "சனிக்கிழமையை நீயே நிரப்பு. ஒன்பது மணிக்குத் தொடங்கலாம். எனக்கு மட்டும் சும்மா நிற்கப் பிடிக்காது" என்று எழுதினாள்.

நான் நன்றாக யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. எங்கள் கல்முனை பசாரில் றஊப் என்று ஒரு தையல்காரர் இருக்கிறார். பெருநாள் உடுப்புக்குத் துணி கொடுக்கிற அத்தனை பேரிடமும் அவர் சொல்வது ஒரே நாள்: நோன்பு இருபத்தேழு, பின்னேரம் அஸருக்குப் பிறகு. அன்றைக்கு நாலு பேர் வருவார்கள். மறுநாள் ஏழு பேர் வருவார்கள். மிச்சப் பேர் பிறை பார்க்கிற நேரம் வருவார்கள். எல்லோரும் புது உடுப்போடுதான் பெருநாள் தொழப் போகிறார்கள். என் கலியாணத்துக்கே பின்னேரம் நாலு மணி என்று சொல்லியிருந்தது, மாப்பிள்ளை வந்தது இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு. ஒன்பது மணி என்று சொல்வது ஒரு மரியாதை. காலையில் வாருங்கள், மத்தியானம் சாப்பிடுவதற்கு முன் வந்தாலும் சரி என்பதுதான் அதன் கருத்து. ஆளுக்கு ஆள் வேறு வேறு நேரம் கொடுத்தால், ஒருவர் வராத நேரத்தில் ஜோன் சும்மா நிற்க வேண்டி வரும். ஆகவே கேட்ட பதினொரு பேருக்கும் சனிக்கிழமை ஒன்பது மணி என்று எழுதினேன். மத்தியானம் வரைக்கும் ஒவ்வொருவராக வந்துகொண்டிருப்பார்கள், அவளுக்கும் கை ஓயாது.

உம்மாவிடம் சொன்னேன். "நாலு பேர் வரல்லயெண்டாலும் ஏழு மிஞ்சும்" என்றா. சரியான கணக்கு என்று இரண்டு பேரும் சந்தோசமாகப் படுத்தோம்.

பேர்த்தில் ஒன்பது மணியாகும்போது எங்களுக்குக் காலை ஆறரை. சனிக்கிழமை அந்த நேரம் நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். லெப்டொப் கூப்பிட்டது. மாக்கையோடு விரலால் தட்டினேன். ஜோனுடைய முகம் வந்தது. முகத்துக்கு முதலே சத்தம் வந்துவிட்டது. அப்படி ஒரு குரைப்பை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

"ஸம்ஸியா, என் வீட்டு வாசலில் பதினொரு நாய்கள் நிற்கின்றன" என்றாள் ஜோன்.

"எல்லோரும் வந்துவிட்டார்களா?"

"ஒன்பது மணிக்கு வரச் சொன்னது நீதானே?"

"ஓம் மெடம். ஆனால், ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்களா?"

ஒன்பது மணி என்று சொன்னால் ஒன்பது மணிக்கே வந்து நிற்கிற ஒரு சனம் இந்தத் துன்யாவில் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள்கூட இரண்டு மாதத்தில் எங்களைப் போல ஆகிவிட்டிருந்தார்கள். ஜோன் கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு நாய்கள் ஒரு மரத்தைச் சுற்றிக் கயிற்றைச் சிக்கலாக்கி வைத்திருந்தன. ஒரு மனிதர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி நாயைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்திருந்தாள். திரும்பவும் ஜோனுடைய முகம் வந்தபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இவர்களுடைய முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? எல்லோரையும் திருப்பி அனுப்பப் போகிறேன். இனி நீ எழுத வேண்டாம், ஸம்ஸியா. எனக்கு இது சரிவராது."

குசினி வாசலில் பர்ஸான் நின்றார். கட்டாரில் கிடந்த மனிதருக்கு இந்த அளவு ஆங்கிலம் விளங்கும். எல்லாம் முடிந்தது, நாளைக்கு இந்த மனிதர் போய்விடுவார், பிள்ளை திரும்பவும் டெலிபோனுக்கு ஸலாம் சொல்லும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இலக்கணம் மட்டும்தான் ஓடிப்போகும்.

"மெடம், ஒருவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. பிழை என்னுடையது, அதைப் பிறகு பேசுவோம். முதலில் அழுகிறதை நிறுத்துங்கள். தண்ணீர் கொதிக்க வையுங்கள்."

"என்ன?"

"தேத்தண்ணி. பதினொரு பேருக்கும். கதிரை இருக்கிறதா?"

"பதினொன்றா? இல்லை."

"விரிக்கிறதற்கு ஏதாவது?"

"நாய்களுக்கான போர்வைகள் இருக்கின்றன."

"கொண்டுபோய் மர நிழலில் விரியுங்கள். ஆட்களை இருக்கச் சொல்லுங்கள். நிற்கிற ஆளுக்குத்தான் கோபம் வரும். இருந்த ஆளுக்கு அவ்வளவு வராது."

இது நான் கண்டுபிடித்த விஷயமில்லை. சுனாமிக்குப் பிறகு தகரம் கொடுத்த நாட்களில் கண்ணால் பார்த்தது. வீடு போன சனம், பிள்ளை போன சனம், வெயிலில் வரிசையில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் அடிக்கப் போகும். பாயை விரித்து, இருத்தி, கையில் ஒரு பிளேன்டீயைக் கொடுத்தால் அதே சனம் ஒருவருடைய கதையை ஒருவர் கேட்டு அழும், பிறகு சிரிக்கும். யார் ஆகக் கூடச் சத்தம் போடுகிறாரோ அவருடைய வேலையை முதலில் முடித்து அனுப்ப வேண்டும் என்றும் அங்கேதான் படித்தேன்.

"ஆகக் கூடச் சத்தம் போடுகிற நாய் எது?"

"டியூக்."

"அதை முதலில் எடுங்கள். மற்றப் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பார்த்தாலே பாதி படிப்பு. இப்போது என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், நான் அவர்களோடு கதைக்க வேண்டும்."

ஜோன் ஏன் என்று கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போனாள். நான் முக்காட்டைச் சரிசெய்தேன், மா நெற்றியில் பட்டது. பதினொரு வெள்ளைக்காரர்களும் என் குசினியைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "என் பெயர் ஸம்ஸியா. உங்களுக்கு எழுதினது நான்தான். எங்கள் ஊரில் ஒன்பது மணி என்றால் ஒருவரும் ஒன்பது மணிக்கு வர மாட்டார்கள். நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஜோன் உங்கள் எல்லோரையும் பார்ப்பா. தேத்தண்ணி வருகிறது, இருங்கள்."

நாய்கள்கூட வாயை மூடிவிட்டன. அந்த நேரம் பார்த்து மாடு போல ஒரு தலை முன்னால் வந்தது. மூக்கைக் கொண்டுவந்து கம்பியூட்டரில் வைத்தது. என் லெப்டொப் முழுக்க ஒரே மூக்கு. நான் "யா அல்லாஹ்" என்று கத்திக்கொண்டு ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன், இடியப்ப உரல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கீழே கிடந்தபடியே கேட்டேன், அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்தான் ஆகக் கூடச் சிரித்தார். ஜோனும் சிரித்தாள். எனக்கு அடி பட்டதா என்று யாரோ கேட்டார்கள். நான் எழும்புவதற்கு முதல் டொங்கிள் அறுந்துவிட்டது. அது அப்படித்தான், நல்ல நேரம் பார்த்துத்தான் அறும்.

பிறகு எத்தனை தரம் குத்திப் பார்த்தும் சிக்னல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் பர்ஸானைக் காணவில்லை. சாரனை மாற்றிக் களிசான் போட்டுக்கொண்டு, டிக்கெட் புக் பண்ணின துண்டையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார் என்று உம்மா சொன்னா. எங்கே என்று கேட்கத் தேவையில்லை. டிக்கெட் போட்டுத் தருகிற அப்துல் ஹமீட் நானாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை அவரிடம்தான் எடுக்க வேண்டும்.

சரி, போகட்டும் என்று நினைத்தேன். மனிதர் கண்ணால் கண்டுவிட்டார், வேலை போனது மட்டுமில்லாமல் நான் கவிழ்ந்து விழுந்ததையும் கண்டுவிட்டார், இனி என்னத்தை நம்பி நிற்பார்? இடியப்பத்தை அவித்தேன். அழுதுகொண்டே அவித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. என் மேல் கோபம், பேர்த்தில் உள்ள மணிக்கூடுகள் மேல் கோபம், றஊப் தையல்காரர் மேலும் கோபம். அந்த மனிதர் பாவம், அவருக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை.

மத்தியானம் ளுஹருக்குப் பாங்கு சொன்ன பிறகு சிக்னல் வந்தது. ஜோனுடைய ஈமெயில் வந்து கிடந்தது. பிஸ்மி சொல்லித் திறந்தேன். இப்படி எழுதியிருந்தாள்:

"கடைசி ஆள் இப்போதுதான் போனார். ஒருவரும் போக மனமில்லாமல் இருந்தார்கள். கேக் வாங்கிவர ஒருவர் கடைக்குப் போனார். டியூக் பத்து நாய்களுக்கு நடுவில் அசையாமல் படுத்திருந்தது, தனியாக வைத்து நான் இரண்டு மாதம் முயன்றும் நடக்காத விஷயம் அது. வருகிற சனிக்கிழமையும் எல்லோரும் ஒன்றாக வரலாமா என்று எட்டுப் பேர் கேட்கிறார்கள். வரச் சொல். ஒன்பது மணிக்கு. மற்ற நாட்களில் மட்டும் ஒரு நேரத்துக்கு ஒரு நாய், ஸம்ஸியா, தயவுசெய்து. மாதம் முடிந்துவிட்டது. நீ என்னோடு இரு. என் தங்கைக்கும் உன்னைப் போல ஓர் ஆள் வேண்டுமாம், அவள் பூக்கடை வைத்திருக்கிறாள்."

இரண்டு தரம் படித்தேன். உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "பூக்கடயெண்டா நல்லம், கடிக்காது" என்றா. அஸ்னாவைத் தூக்கிச் சுற்றினேன். பிறகுதான் நினைவு வந்தது. மனிதர் டிக்கெட் எடுக்கவெல்லவா போயிருக்கிறார்.

வேலிக் கடப்பைத் தாண்டி ரோட்டுக்கு ஓடப் பார்க்கிறேன், அவரே வருகிறார். கையில் ஒரு பாண், ஒரு சீப்பு வாழைப்பழம். ஒரு அவசரமும் இல்லை.

"ஜோன் என்னய வேலக்கி வெச்சிக்கொண்டா" என்றேன். மூச்சு வாங்கியது. "அவட தங்கச்சியும் கேக்கிறாவாம்."

"நல்லம்" என்றார்.

"நல்லமா? டிக்கெட் எங்க? கிறுகிப் போங்க, ஹமீட் நானாக்கிட்ட வேணா எண்டு சொல்லுங்க."

"சொல்லிட்டுத்தான் வாறன்."

"இப்பயா?"

"காலத்தால. அவர் கட திறக்க முந்தி ஊட்டயே போய்ச் சொல்லிட்டன். பொறகு மரக்காலைக்குப் போய் பலகை விலை கேட்டன். அதான் சுணங்கின."

நான் விரல் விட்டு நேரத்தை எண்ணிப் பார்த்தேன். "அப்ப ஜோன் ஓமெண்டு சொல்லல்லயே. நான் கீழ விழுந்து கிடந்த நேரமெல்லுவா அது."

"ஓம்."

"எனக்கு வேல போயிருந்தா என்ன செய்யிற? வீசாவும் போய், வேலயும் போய், நாலு பேரும் என்னத்தத் திங்கிற?"

அவர் வாழைப்பழத்தை மற்றக் கைக்கு மாற்றினார். "அந்தப் பொம்புள உன்ன வேணா எண்டு சொல்லுறா. நீ அவவுக்கிட்ட கதிர இரிக்கா எண்டு கேக்கிறாய்" என்றார். "இப்பிடி ஒருத்திய ஊட்ட வெச்சிக்கொண்டு நான் என்னத்துக்குப் புள்ள அங்க போய்க் கிரேனுக்கு மேல இரிக்கிற?"

அழுகையும் வந்தது, ஏச்சும் வந்தது. ஏச்சுத்தான் முந்தியது. கேட்காமல் எப்படிச் செய்யலாம், பிள்ளையை நினைத்தீர்களா, என்னைக் கொல்லப் பார்த்தீர்களா என்று ரோட்டில் தொடங்கி, வளவுக்குள் வந்து, குசினி வரைக்கும் ஏசினேன். றாஹிலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், அவளுக்கும் இரண்டு கிடைத்தது. அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை ஏசினேன். அவர் ஸ்டூலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், எங்கும் எழும்பிப் போகவில்லை.